பாகம் ஏழு, வரிசை இருநூற்றுப் பன்னிரண்டு

நாச்சியம்மாளிடம் மாவு வாங்கப் போகிறவர்கள் கையில் கொஞ்சம் நேரத்தையும் வைத்துக்கொண்டு போக வேண்டும். தூக்குப்போசியில் ஒரு லிட்டர் தோசை மாவை ஊற்றி முடிப்பதற்குள், "உங்க மருமவளுக்கு இன்னும் ஓட்டு ஏறலீங்களே, கல்யாணமாயி ரெண்டு வருசமாச்சுங்களே" என்று ஒரு கேள்வி வந்து விழும். மாவுக்கு வந்தவர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

கோவையில் அவிநாசி ரோட்டுக்குத் தெற்கே, லேத்துப் பட்டறைகளும் வரிசை வீடுகளும் கலந்து கிடக்கிற வார்டு அது. நாச்சியம்மாளின் கடையில் இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், சுவரில் கட்சித் தலைவர் படம் போட்ட காலண்டர். கல்லாப் பெட்டிக்குக் கீழே துணியில் கட்டிய ஒரு பெரிய கட்டு. அதுதான் வாக்காளர் பட்டியல். இருபத்திரண்டு வருசமாக எந்தத் தேர்தல் வந்தாலும் வார்டில் கட்சிக்குப் பட்டியல் பார்க்கிறவள் அவள்தான். இறந்தவருக்குச் சிவப்புக் கோடு, குடிபோனவருக்குச் சிவப்பு வட்டம், பக்கத்தில் போன் நம்பர். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி போட்டு, கீழே 'நா' என்று ஒரு எழுத்தும் போடுவாள். தேதியில்லாத குறிப்பு சாட்சியில்லாத கல்யாணம் மாதிரி என்பது அவளுடைய கட்சி.

இத்தனையும் செய்தவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவளுக்கு ஐம்பத்தொரு வயசு. வார்டு ஒரு நாள் பெண்களுக்கு என்று ஒதுக்கப்படும், அன்றைக்குத் தன் பெயர் பட்டியலில் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். உள்ளாட்சித் தேர்தலோ வருசக்கணக்காக நடக்கவேயில்லை. கடைசியில் வார்டு எல்லையெல்லாம் மாற்றி வரைந்து தேர்தல் என்று அறிவித்தபோது, அவளுடைய வார்டு பெண்களுக்கு என்று வந்தது. அன்றைக்கு அவள் உளுந்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

இந்த இடத்தில் ஹரிதாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு முப்பத்து நாலு வயசு. மூன்றாவது வீதியில் மாடிப்படிக்குக் கீழே பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். ஆறு வருசத்துக்கு முன்னால் நாச்சியம்மாள்தான் உறுப்பினர் படிவத்தோடு போய் அவளைக் கட்சிக்குக் கூட்டி வந்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று பிற்பாடு அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஹரிதா ஓணான் இல்லை, அதுதான் சங்கடமே. நல்ல பெண், வாய் நிறைய அக்கா என்பாள். கூட்டத்துக்குப் போனால் நாச்சியம்மாளின் டிபன் பாக்ஸிலேயே கைவிட்டுச் சாப்பிடுவாள். அவள் கை படாத புருவம் அந்த வார்டில் கிடையாது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே ஒவ்வொருத்தியின் மாமியார் சண்டையையும் கேட்டு முடித்திருப்பாள்.

முதலில் நாச்சியம்மாளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வீடு வீடாகப் போகும்போது, "ஹரிதா வரலீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்ததும் அவர்களுடைய கண் நாச்சியம்மாளின் தோளைத் தாண்டிப் பின்னால் தேடியது. ஒரு நாள் அவள் புருசன் திருமூர்த்தியே, பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டு, "அந்தப் புள்ள நல்லாப் பேசுது" என்றார். அவருக்கு அன்று ரசத்தில் பெருங்காயம் இல்லை.

கட்சி ஆபீஸில் நேர்காணல் நடந்தது. பகுதிச் செயலாளர் பாலகோபால் நாச்சியம்மாளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "உங்களைத் தெரியாதுங்களா" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அதை அவள் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் வேட்பாளர் பட்டியல் போனில் வந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களை விரல் வைத்துப் படித்துப் பழகியவள், தன் வார்டு எண்ணுக்கு நேராக விரலை வைத்தாள். அங்கே ஹரிதாவின் பெயர் இருந்தது.

அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது அவளுக்கு. ஓடுகிற கிரைண்டரை நிறுத்தினாள்.

"ஊறப்போட்டது நானு, ஆட்டுனது நானு. தோசை திங்கறது அவளா?" என்றாள் புருசனிடம்.

"மேலிடத்துல பாத்துச் செஞ்சிருப்பாங்க புள்ள."

"என்னத்தப் பாத்தாங்க? மூஞ்சியப் பாத்தாங்க. போஸ்டருக்கு நல்லா இருக்கோணுமாமா. நானு மாவாட்டறவ."

"அந்தப் புள்ள என்ன பண்ணும் பாவம்? அது கேக்கவா செஞ்சுது?"

அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. ஹரிதா கேட்கவில்லை. இருபத்திரண்டு வருசம் கேட்டுக்கொண்டிருந்தவளை விட்டு, கேட்காதவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் பாலகோபால் வந்தார். நாச்சியம்மாளை மாற்று வேட்பாளராகப் போட்டிருப்பதாகச் சொன்னார். ஹரிதாவின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் சின்னம் நாச்சியம்மாளுக்கு வரும். தள்ளுபடி ஆகாவிட்டால் அவள் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். "ஒரு மரியாதைக்குத்தாங்க" என்றார். கல்யாண வீட்டில் இலை கிடைக்காதவளுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிய மாதிரி இருந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை ஹரிதாவே கடைக்கு வந்தாள். காலில் விழப் போனவளை நாச்சியம்மாள் தடுத்தாள்.

"உங்களுக்குத்தானுங்கக்கா வரும்னு நெனச்சேன். எனக்குப் போன் வந்தப்ப கையே ஓடலீங்க" என்றாள் ஹரிதா. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்க்கவும் நாச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயிக்கப் போகிறவள் அழுதால் எத்தனை அழகாக இருக்கிறது!

"அதனால என்ன கண்ணு. ஆராச்சும் ஒருத்தரு நின்னுதானே ஆவோணும்" என்றாள்.

"எனக்கு முன்மொழியறதுக்கு அருமைக்காரம்மாவைக் கேட்டிருக்கேனுங்கக்கா. அவிய கையெழுத்துல ஆரம்பிச்சாத் தொலங்கும்னு எங்க அத்தை சொன்னாங்க."

அருமைக்காரம்மா என்றால் நான்காவது வீதி பழனாத்தாள். கொங்குக் கல்யாணங்களில் மூத்த சுமங்கலியாக முன்னால் நின்று சீர் செய்து வைக்கிறவர். அவர் கை தொட்டு ஆரம்பித்தது எதுவும் அரைகுறையாக நின்றதில்லை என்று வார்டு முழுக்க நம்பிக்கை. மகளுக்கு நாள் குறித்தால் மண்டபத்துக்கு முன்னால் பழனாத்தாளைத்தான் பேசி வைப்பார்கள்.

நாச்சியம்மாளின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

நான்காவது வீதியின் கிழக்கு வரிசை புது எல்லையில் பக்கத்து வார்டுக்குப் போய்விட்டது. வீதியில் யாருக்கும் அது தெரியாது. வீடு அங்கேயேதான் இருக்கிறது, தண்ணீரும் அதே குழாயில்தான் வருகிறது, வார்டு மாறினால் அவர்களுக்கு என்ன தெரியும்? புதுப் பட்டியல் வந்தபோது பழையதை மடியில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வேட்பாளர் மாநகராட்சியில் எந்த வார்டுக்காரராகவும் இருக்கலாம். முன்மொழிகிறவர் மட்டும் அதே வார்டின் வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். பழனாத்தாள் கையெழுத்துப் போட்டால் மனு செல்லாது.

"அவிய வேண்டாம் கண்ணு" என்று சொல்ல அரை நிமிசம் போதும். அவள் மாவை ஊற்றி, போசியை மூடி, ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கட்சி வக்கீல் போனில் கேட்டார். "பழனாத்தாள், பாகம் எண், வரிசை எண் சொல்லுங்கம்மா. புதுப் பட்டியல்ல பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேனுங்க. பாகம் ஏழு, வரிசை இருநூத்திப் பன்னெண்டு."

அது பொய் இல்லை. புதுப் பட்டியலில் பழனாத்தாளின் எண் அதுதான், பக்கத்து வார்டுப் பட்டியலில். எந்த வார்டு என்று வக்கீல் கேட்கவில்லை. நாச்சியம்மாள் சொன்னால் இரண்டாம் தடவை சரிபார்க்கிற வழக்கமும் அந்தக் கட்சியில் இல்லை. இருபத்திரண்டு வருசத்தில் அவள் சம்பாதித்தது அந்த ஒரு பெயர்தான். அதை எடுத்துத்தான் அவள் செலவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். ராகு காலம் முடியட்டும் என்று பன்னிரண்டு மணிக்கு மேல் மண்டல அலுவலகத்துக்குப் போனார்கள். ஹரிதா மாம்பழ நிறத்தில் பட்டுடுத்தி வந்திருந்தாள். பழனாத்தாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு காரிலிருந்து இறங்கி, நாச்சியம்மாளைப் பார்த்து, "நீயும் கூட இருக்கறயா கண்ணு, நல்லதாப் போச்சு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு மனசு மாறியது. சொல்லிவிடலாம், ஐந்து மணி வரைக்கும் மனு வாங்குவார்கள், வேறு ஆள் பார்க்க நேரம் இருக்கிறது என்று நிஜமாகவே வக்கீலைத் தேடிப் போனாள்.

அப்போதுதான் போட்டோ எடுக்கிறவன் சொன்னான். "மாவுக்கடையம்மா, சித்த ஓரமா நில்லுங்க. வேட்பாளரு மறையறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஹரிதா மட்டும் சிரிக்காமல், "அக்கா எம்பக்கத்துல நிக்கட்டுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பெருந்தன்மையாய் இடம் கொடுக்க, தான் வாங்கி நிற்பதா? நாச்சியம்மாள் கையை உருவிக்கொண்டாள். பிறகு அவள் வக்கீலைத் தேடவில்லை.

சனிக்கிழமை பரிசீலனை. அதிகாரி வார்டுப் பட்டியலைப் புரட்டிப் பாகம் ஏழுக்கு வந்து, இருநூற்றுப் பன்னிரண்டில் விரல் வைத்தார். "இங்க மதன்குமார்னு இருக்குது. பழனாத்தாள் எங்க?" அரைமணி நேரம் தேடினார்கள். பழனாத்தாள் பக்கத்து வார்டில் இருந்தார். மனு தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, மாற்று வேட்பாளரின் மனுவை எடுத்தார். முன்மொழிந்தவர் திருமூர்த்தி, அதே வார்டு. எல்லாம் சரியாக இருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் விழுந்த சத்தம் அவள் நினைத்தபடி இல்லை. ஹரிதா ஒரு நிமிசம் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வந்து நாச்சியம்மாளுக்குத் துண்டைப் போர்த்தினாள். "உங்களுக்குன்னு இருந்ததுங்கக்கா, எங்க போகும்" என்றாள். பாலகோபால், "பட்டியல் பாத்தது இவங்கதானே?" என்று இழுத்தபோது, "அவிய ஒருத்தரே எத்தனை பேரைத்தான் பாப்பாங்க, வார்டைக் கண்டமேனிக்குப் பிரிச்சுப்போட்டா ஆருக்குத்தான் தெரியும்" என்று அவள்தான் வாயை அடைத்தாள்.

ஊருக்கு யாராவது ஒருத்தர்மேல் பழியைப் போட்டாக வேண்டும். சர்க்கார்மேல் போட்டால் சுவாரசியம் இல்லை. ஒரு வாரத்துக்குள் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. "அருமைக்காரம்மா கைராசி அவ்வளவுதான் போல." மாசி முகூர்த்தத்துக்குப் பழனாத்தாளைப் பேசி வைத்திருந்த ஒரு வீட்டார், சூலூரிலிருந்து வேறொரு அம்மாவைக் கூட்டி வந்துவிட்டார்கள். பழனாத்தாள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாராம். மாவு வாங்க வந்தவர்கள் அதை நாச்சியம்மாளிடமே சொன்னார்கள். அவள் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள்.

பிரச்சாரத்தில் ஹரிதா பம்பரமாகச் சுற்றினாள். பார்லரைப் பூட்டிவிட்டு நாச்சியம்மாளுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். "எனக்குப் போடறதா இருந்த ஓட்டை அக்காவுக்குப் போடுங்க" என்றாள். கதவைத் திறந்தவர்கள் கண் நேராக ஹரிதாவிடம்தான் போனது. போஸ்டரில் நாச்சியம்மாள் சிரித்தாள். வீதியில் அவள் கூப்பிய கையோடு, தனக்கு விழப்போகிற ஓட்டைப் பார்த்தும் வயிறெரிந்துகொண்டு நின்றாள். ஆளைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்த பிறகும் பொறாமை போகவில்லையே, இது என்ன சனியன் என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு நாள் பொழுது சாய்ந்து கடைக்கு வந்தவள், கல்லாப் பெட்டிக்குக் கீழே பார்த்தாள். கட்டு இல்லை.

"ஹரிதா வந்து வாங்கிட்டுப் போச்சு. போன் நம்பரெல்லாம் அதுலதான இருக்குது, ஊர்ல இல்லாதவியளக் கூப்புடோணும்னுச்சு" என்றார் திருமூர்த்தி.

அந்தக் கட்டில் பழைய பட்டியல் இருக்கிறது. நான்காவது வீதிப் பக்கத்தில் பழனாத்தாள் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறது. 'பக்கத்து வார்டு, பாகம் 7, வரிசை 212.' கீழே 'நா'. அதற்குக் கீழே, எந்தக் குறிப்பையும் தேதியில்லாமல் விடாத அவளுடைய கை எழுதிய தேதி, ஜனவரி 6. மனுத்தாக்கலுக்கு ஒரு மாசம் முந்தைய தேதி. எல்லாவற்றையும் யோசித்தவள் அதை மட்டும் கிழித்துப் போட யோசிக்கவில்லை. பட்டியலைக் கிழிக்க அவளுக்கு வராது.

காலையில் ஹரிதா வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலக் கதவைத் தட்டினாள், கும்பிட்டாள், ஓட்டுக் கேட்டாள். மத்தியானம் நாச்சியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியபோது மட்டும், "பசியில்லீங்கக்கா" என்றாள். அடுத்த நாளும் அவளுக்குப் பசியில்லை. நாச்சியம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நாச்சியம்மாள் ஜெயித்தாள். வேட்டுப் போட்டார்கள், மாலை போட்டார்கள். மாநகராட்சியில் போய்ப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம் ஹரிதா அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் மட்டும் மூலை மடித்திருந்தது.

"நானு ஆருகிட்டயும் சொல்லலீங்கக்கா. சொல்லவும் மாட்டேன்."

"எதுக்குக் கண்ணு சொல்லல?" நாச்சியம்மாளுக்குக் கோபம்தான் வந்தது. "சொல்லிருந்தா நானு தோத்திருப்பேனல்ல."

"கட்சியும் தோத்திருக்குமுங்க." ஹரிதா கட்டை அவள் பக்கமாக நகர்த்தினாள். "எனக்கு அடுத்த தேர்தல் இருக்குதுங்க. பழனாத்தாளம்மாவுக்கு என்ன இருக்குது? அவிய வெளிய வர்றதே இல்லீங்க. அதை நீங்கதான் பாக்கோணும்."

அக்கா என்ற சொல் அந்தக் கடைசிப் பேச்சில் இல்லை.

மாவுக்கடைக்குப் பக்கத்து அறையில் கவுன்சிலர் ஆபீஸ் திறக்க நாள் பார்த்தார்கள். நாச்சியம்மாள் தானே நான்காவது வீதிக்குப் போய், குத்துவிளக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்று பழனாத்தாளைக் கூப்பிட்டாள். ஊரார் வாயை இப்படி மூடிவிடலாம், அதோடு தீர்ந்தது என்று அவள் கணக்கு.

பழனாத்தாள் வந்தார், ஆனால் விளக்குப் பக்கம் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பாலகோபால் தீப்பெட்டியை நீட்டினார்.

"எங்கை வேண்டாம் கண்ணு. அந்தப் புள்ளைக்கு ஆனாப்பல உனக்கும் ஏதாச்சும் ஆயிப்போகும். நீ நல்லா இருக்கோணும்" என்றார் நாச்சியம்மாளைப் பார்த்து.

கூட்டத்தில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஹரிதா கதவோரம் நின்றிருந்தாள். அவள் நாச்சியம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாச்சியம்மாள் ஒருவேளை சொல்லாமல் பிடிவாதமாகவே இருந்திருப்பாள். நாச்சியம்மாள் மேசையிலிருந்த கட்டைப் பிரித்தாள். மூலை மடித்த பக்கத்தை எடுத்து, வாக்குச்சாவடியில் பெயர் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"பழனாத்தாள். பக்கத்து வார்டு. பாகம் ஏழு, வரிசை இருநூத்திப் பன்னெண்டு. ஜனவரி ஆறாம் தேதி. பாத்தது நாச்சியம்மா." நிமிர்ந்தாள். "இவிய கைமேல ஒண்ணுமில்லீங்க. எனக்கு மின்னயே தெரியும். ஹரிதா நிக்கறது பொறுக்காமச் சொல்லாம உட்டுப்போட்டேன்."

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். பாலகோபால் கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது. பழனாத்தாள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தீப்பெட்டியை வாங்கி, ஐந்து முகமும் ஏற்றினார். ஒரே குச்சியில் ஐந்தும் பிடித்தது.

கவுன்சிலருக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. கதவோரம் போய் ஹரிதாவின் தலையில் கை வைத்தார். பெண்கள் எல்லாரும் அங்கே திரும்பி, ஆளுக்கொன்றாய்ப் பேச ஆரம்பித்தார்கள். "அத்தனையும் தெரிஞ்சும் இவளுக்கு ஓட்டுக் கேட்டுச்சா அந்தப் புள்ள?" என்று யாரோ சொன்னது நாச்சியம்மாளின் காதில் விழுந்தது.

மேசையில் அவள் பெயர் எழுதிய பலகை இருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பழனாத்தாளின் கைக்குக் கீழே குனிந்திருந்த ஹரிதாவின் தலையை அவள் பார்த்தாள், அதே அடிவயிற்றில் அதே எரிச்சல் கிளம்பியது. இந்தத் தடவை அவளிடம் தள்ளிவிட ஒரு மனு இல்லை. யாரோ ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிய தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, அதன் மூலையில் அன்றைய தேதியைப் போட்டாள்.